ஆன்டிவைரஸா, ரூட்டரா, ஹார்ட் டிஸ்கா? வீட்டு சிஸ்டத்துக்கு எதில் காசு போடலாம்

குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் ஆயுள் முழுக்க அந்த வேலைதான். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனிலும் தீபாவளித் தள்ளுபடி சமயத்திலும் ஒரே கேள்வி பல குரல்களில் வரும்: "எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்?" சமீபத்தில் கேள்வி கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆன்டிவைரஸ் போதுமா, வி.பி.என். (நம் நெட் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் சேவை) வேண்டுமா, ரூட்டரை மாற்றணுமா, பழைய சிஸ்டத்தைத் தூக்கிப் போடணுமா என்று விளம்பரங்கள் குழப்பிவிட்டிருக்கின்றன. ஒதுக்கிய பணமோ ஐயாயிரம் ரூபாய். அதை எதில் போடுவது?

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் அத்தை மகன் காலை ஆறு மணிக்குக் கூப்பிட்டான். வீட்டிலேயே உட்கார்ந்து கல்யாண ஆல்பம் டிசைன் செய்து கொடுப்பவன். "மச்சான், ஒரு போட்டோவும் திறக்க மாட்டேங்குது. ஃபைல் பேருக்குப் பின்னாடி ஏதோ நாலெழுத்து ஒட்டிக்கிட்டிருக்கு." போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்று ஒரு குறிப்பு. 980 டாலர் கட்டு. 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490. ஸ்டாப் என்றும் டிஜேவியூ என்றும் சொல்லப்படும் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்) குடும்பம் போடும் வழக்கமான கடிதம் அது. முந்தின இரவு ஏதோ எடிட்டிங் மென்பொருளைக் காசு கட்டாமல் ஓட்டுவதற்கான கிராக் இறக்கியிருக்கிறான். இறக்கிய பக்கத்திலேயே எழுதியிருந்ததாம், 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று. சொன்னபடி செய்திருக்கிறான். காசு கொடுத்து வாங்கிய அந்த ஆன்டிவைரஸுக்கு இன்னும் ஏழு மாசம் பாக்கி இருந்தது.

காவல்காரரை டீ குடித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பிவிட்டு, வந்தவனுக்குக் கதவைத் திறந்துவிட்ட கதை. அன்றைக்குச் சாயங்காலம் அவன் என்னிடம் கேட்டது: "வேற எந்த ஆன்டிவைரஸ் போடலாம் மச்சான்?"

## எதை வைத்து அளப்பது

விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் நாலு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாவது, இது எந்த வாசலை அடைக்கிறது? வீட்டுக்குள் ஆபத்து வர நாலு வாசல் உண்டு. நம் கையாலேயே இறக்கி நிறுவுவது ஒன்று. அப்டேட் போடாத மென்பொருளின் ஓட்டை இரண்டாவது. இதற்கு யாரும் எதையும் கிளிக் செய்யக்கூடத் தேவையில்லை. 2017 மே 12-ஆம் தேதி உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை ரான்சம்வேர் அப்படித்தான் நெட்வொர்க் வழியாகச் சிஸ்டம் விட்டுச் சிஸ்டம் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாசம் போடாமல் விட்டவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். மூன்றாவது வாசல் ரூட்டரும், அதில் தொங்கும் சிசிடிவியும் டிவியும். நாலாவது, சிஸ்டத்தைத் தொடாமலே பாஸ்வேர்டைத் திருடி மெயிலுக்குள்ளும் பேங்குக்குள்ளும் நுழைவது.

இரண்டாவது கேள்வி, எல்லாவற்றையும் தாண்டி உள்ளே வந்துவிட்டால் நமக்கு என்ன மிஞ்சும்?

மூன்றாவது, முழுச் செலவு எவ்வளவு? முதல் வருஷ விலை மட்டும் கணக்கல்ல. ரின்யூவல், சிஸ்டம் மெதுவாவது, நம் தகவல் வேறு கைக்குப் போவது, ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் போவது எல்லாமே செலவுதான்.

நாலாவது, நீங்கள் ஊரில் இல்லாதபோது அதை யார் பார்த்துக்கொள்வார்கள்? அப்பா அம்மா மட்டும் இருக்கும் வீட்டில் நீங்கள் பொங்கலுக்குப் போனபோது சரிசெய்துவிட்டு வந்தது, அடுத்த பொங்கல் வரை தானாக ஓடுமா?

விளம்பரம் எல்லாமே முதல் கேள்வியை மட்டும் சுற்றி வரும். எனக்கு இரண்டாவதும் நாலாவதும்தான் முக்கியம்.

## காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸ்

ஒரு சிஸ்டத்துக்கு வருஷத்துக்குச் சில நூறு ரூபாயில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியும் போகும். சென்னையின் கே7, புனேவின் குயிக் ஹீல் போன்ற நம்மூர்ப் பெயர்களும் வெளிநாட்டுப் பெயர்களும் ஒரே அலமாரியில் நிற்கும்.

இவற்றால் பயனே இல்லை என்று சொல்லிவிடுவது இன்றைக்கு ஒரு ஃபேஷன். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜெராக்ஸ் கடைக்கும் வீட்டுக்கும் பென்டிரைவ் போய்வரும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பிராஜெக்ட் பிரின்ட் எடுக்கப் போன பெண் திரும்பி வந்து செருகினால் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். செருகிய நொடியிலேயே பென்டிரைவைச் சோதித்து, ஆட்டோரன்னை நிறுத்தி, சுத்தம் செய்து கொடுப்பதில் சில கட்டண மென்பொருள்கள் கெட்டி. நெட் சரியாக எட்டாத ஊரில் நெட்டில் கேட்டுப் பார்க்காமல், சிஸ்டத்திலேயே சேமித்து வைத்த வைரஸ் அடையாளங்களை வைத்தே பிடிப்பதும் உதவும்.

சிக்கல் மறைவுச் செலவில் இருக்கிறது. முதல் வருஷம் தள்ளுபடி விலை. அடுத்த வருஷம் ஆட்டோ ரின்யூவலில் முழு விலை. 'டோட்டல்' என்றும் 'அல்டிமேட்' என்றும் போட்டால் உள்ளே ஒரு வி.பி.என்., ஒரு கிளீனர், ஒரு டியூன்-அப்; நாலு ஜி.பி. ராம் உள்ள சிஸ்டம் இந்தச் சுமையில் மூச்சுவாங்கும். காவலுக்கு வைத்தவரே கதை சொல்லிய சம்பவமும் உண்டு. அவாஸ்ட் நிறுவனம் தன் பயனர்கள் எந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2024-ல் 1.65 கோடி டாலர் கட்டவைத்தது.

கடைக்காரர் சொல்லாத இன்னொன்று: நீங்கள் வேறு ஆன்டிவைரஸ் போட்டதும் விண்டோஸோடு வந்த டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் ஒதுங்கிக்கொள்ளும். அதோடு சேர்ந்து, அதன் ரான்சம்வேர் தடுப்பு வசதியும் நின்றுவிடும். லேப்டாப்போடு இலவசமாக வந்த மூன்று மாச ஆன்டிவைரஸ் காலாவதியாகி, "உடனே புதுப்பி" என்று வருஷக்கணக்கில் கத்திக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். அதை முழுசாக அன்இன்ஸ்டால் செய்துவிட்டு விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, இப்போது காவலில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பத்து நிமிஷ வேலை.

இது சரியான இடம்: பென்டிரைவ் நடமாட்டம் உள்ள வீடு, வீட்டோடு சேர்ந்த ஜெராக்ஸ் கடை, டைப்பிங் சென்டர், நெட் அடிக்கடி இல்லாத ஊர்.

## விண்டோஸோடு வருகிற காவல்

ஒரு காலத்தில் டிஃபெண்டர் என்றால் சிரிப்பார்கள். இப்போது ஏவி-டெஸ்ட் போன்ற சோதனைக்கூடங்களில் கட்டண மென்பொருள்களோடு சேர்ந்து முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டிருக்கிறது. விலை பூஜ்யம். ரின்யூவல் இல்லை, கத்தல் இல்லை. நாலாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது, தானாக ஓடும்.

இதன் குறை, பாதி வசதி தூங்கிக்கொண்டே வருவது. 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்ற ஸ்விட்ச் ஆஃபில்தான் இருக்கும். ஆன் செய்தால், அனுமதி இல்லாத மென்பொருள் டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் எழுத முடியாது. ஆன் செய்த முதல் வாரம் தொல்லை: ஆல்பம் மென்பொருளே 'சேவ் ஆகவில்லை' என்று முரண்டு பிடிக்கும். அதை அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டால் அடங்கிவிடும்.

இதோடு பிள்ளைகளுக்குத் தனி யூசர் கணக்கு, அதுவும் அட்மின் அதிகாரம் இல்லாத 'ஸ்டாண்டர்டு' கணக்கு. என் அக்கா வீட்டில் பதின்மூன்று வயசுப் பையன். கேமுக்கு ஏதோ மோட் இறக்கினான். அட்மின் பாஸ்வேர்ட் கேட்டது. "அம்மா, இதுல உன் பாஸ்வேர்டைப் போடேன்." "எதுக்குடா?" "சும்மாதான்மா." அந்த 'எதுக்குடா' என்ற ஒரு கேள்வியை எந்த ஆன்டிவைரஸும் கேட்காது. ஆனால் அட்மின் உரிமை வேண்டாத மால்வேரும் (தீய மென்பொருளும்) உண்டு; இந்த ஏற்பாடு எல்லாவற்றையும் நிறுத்தும் என்று நினைக்க வேண்டாம்.

உதாரணம், இப்போது பரவலாக நடக்கும் போலி 'நான் ரோபோ அல்ல' பக்கம். சரிபார்க்க விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் அழுத்து, பிறகு கன்ட்ரோலும் வி-யும், பிறகு என்டர் என்று சொல்லும். அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு கட்டளையைக் கிளிப்போர்டில் காப்பி செய்து வைத்திருக்கும். நீங்கள் அதை உங்கள் கையாலேயே ஓட்டுகிறீர்கள். இப்படி நுழையும் லும்மா போன்ற திருட்டு மென்பொருள்கள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நாம் லாகின் செய்திருப்பதை நினைவில் வைக்கும் குக்கி என்ற சிறு ஃபைல்களையும் அள்ளிக்கொண்டு போகும். குக்கி கைக்குப் போனால் ஓ.டி.பி.கூடக் கேட்காமல் பல கணக்குகளுக்குள் நுழைந்துவிடலாம். 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை மட்டும் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் சிஸ்டங்களில் லும்மா இருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது.

அதனால் பாஸ்வேர்டுகளைப் பிரவுசரில் சேமிப்பதை நான் நிறுத்திவிட்டேன். பிட்வார்டன் போன்ற இலவசப் பாஸ்வேர்ட் மேனேஜர் நல்லது. அது பிடிபடாத அப்பாவுக்கு ஒரு நோட்டு, பீரோவுக்குள். சிரிக்காதீர்கள், ரஷ்யாவில் உட்கார்ந்திருப்பவன் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. ஜிமெயிலுக்கும் பேங்குக்கும் மட்டுமாவது வெவ்வேறு பாஸ்வேர்ட், இரண்டடுக்குச் சரிபார்ப்பு.

இது சரியான இடம்: அப்டேட் தொடர்ந்து வரும் விண்டோஸ் உள்ள எந்த வீட்டுக்கும் இதுவே அடித்தளம்.

## ரூட்டர்: மாற்றுவதா, சரிசெய்வதா

ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்க வரும் தம்பி பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டுக் கேட்பார்: "வைஃபை பாஸ்வேர்ட் என்ன வைக்கணும் சார்? போன் நம்பரே வெச்சிடவா?" நாமும் தலையாட்டுவோம். எங்கள் தெருவில் பாதி வீட்டு வைஃபையின் சாவி அந்த வீட்டுக்காரரின் போன் நம்பர்தான்; அது கேட்டிலேயே எழுதியிருக்கும், 'மாடி வாடகைக்கு' போர்டில்.

அந்த போர்டே இல்லை என்று வைத்துக்கொள்வோம். நம்மூர் மொபைல் நம்பர் 6, 7, 8, 9-ல் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கம். மொத்தம் 400 கோடி சாத்தியம். டபிள்யூ.பி.ஏ.2 என்ற பூட்டு முறை உள்ள வைஃபையில் ஒரு போன் இணையும்போது நடக்கும் பரிமாற்றத்தை வெளியே நின்று பிடித்துக்கொண்டு போய்விட்டால், வீட்டில் உட்கார்ந்து நிதானமாக ஊகிக்கலாம். ஒரு நல்ல கேமிங் கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் பத்து லட்சம் ஊகம் செய்யும். 4,000 நொடி. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதற்குப் பதில், சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து வையுங்கள்: முருங்கை, லாந்தர், பஞ்சாயத்து, கொசு. நினைவில் நிற்கும், சீக்கிரம் உடையாது.

இதைச் செய்ய ஆள் நம் வீட்டருகே வர வேண்டும். அதனால் பெரிய ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் போன மிரட்டல் மெயில், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வைஃபை வழியாகத்தான் அனுப்பப்பட்டிருந்தது. போலீஸ் முதலில் வந்து நின்றது அவர் வீட்டு வாசலில்.

தூரத்திலிருந்து வரும் தாக்குதல் வேறு வகை. 2016-ல் மிராய் என்ற மால்வேர், கம்பெனி வைத்து அனுப்பிய அறுபதுக்கும் மேற்பட்ட யூசர்நேம், பாஸ்வேர்ட் ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு கேமராக்களையும் டி.வி.ஆர். பெட்டிகளையும் ரூட்டர்களையும் படையாகத் திரட்டியது. அக்டோபர் 21-ஆம் தேதி அந்தப் படை, தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டைன் நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தடுமாறின. தங்கள் வீட்டு கேமரா அதில் இருந்தது என்று பல பேருக்குத் தெரியவே தெரியாது. நம்மூரில் பல கனெக்‌ஷன்களில் ஒரே பொது ஐ.பி. முகவரியை நிறைய வீடுகள் பகிர்வதால் வெளியிலிருந்து நேராகத் தட்டுவது கஷ்டம்; தற்செயலாகக் கிடைத்த பாதுகாப்பு. ஆனால் சிசிடிவி மாட்ட வந்தவர் போனில் படம் தெரிய வேண்டும் என்பதற்காகத் தனி ஐ.பி. முகவரி வாங்கவைத்து, வெளியிலிருந்து கேமராவுக்கு நேர்வழி திறக்கும் 'போர்ட் ஃபார்வர்டிங்' போட்டுவிட்டுப் போயிருந்தால் அந்தப் பாதுகாப்பு போச்சு.

சரிசெய்யக் காசு வேண்டாம். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள், பெரும்பாலும் 192.168.1.1 என்ற முகவரி, அட்மின், அட்மின் என்று இருக்கும். பிரவுசரில் அந்த முகவரியைப் போட்டு உள்ளே போய், அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, டபிள்யூ.பி.எஸ்.-ஐயும் (பட்டனோ பின் நம்பரோ வைத்து வைஃபையில் சேர்க்கும் வசதி) ரிமோட் மேனேஜ்மென்ட்டையும் (வெளியிலிருந்து ரூட்டரை இயக்கும் வசதி) அணைத்து, யூ.பி.என்.பி. (கருவிகள் தாங்களாகவே வெளிவழி திறந்துகொள்ளும் வசதி) தேவையில்லாவிட்டால் அதையும் அணைத்துவிடுங்கள். தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். இடத்தில் 9.9.9.9 அல்லது 1.1.1.2 போட்டால், தீய தளங்கள் என்று ஏற்கெனவே தெரிந்த பல முகவரிகள் வீடு முழுக்கத் திறக்காது. பாட்டியின் போனிலும் சேர்த்து. சில நிறுவனங்கள் பெட்டியைப் பூட்டி வைத்திருப்பார்கள். அப்போது ஒவ்வொரு சிஸ்டத்திலும் தனித்தனியாகப் போட வேண்டும்.

புது ரூட்டர் வாங்கினால் இரண்டாயிரம், மூவாயிரம் ஆகும். ஃபைபர் பெட்டியை எடுக்க முடியாது; அதற்குப் பின்னால்தான் இதைக் கோர்க்க வேண்டும். இரண்டு வைஃபை ஓடும், எது எதென்று வீட்டில் குழம்புவார்கள். கம்பெனி எத்தனை வருஷம் ஃபர்ம்வேர் (ரூட்டருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் தரும் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருக்காது. அப்டேட் நின்றால் புது ரூட்டரும் பழைய பெட்டிதான்.

வாங்குவது சரியான இடம்: நாலைந்து கேமரா, ஸ்மார்ட் டிவி என்று வீடு நிறைய இருந்து, அவற்றைக் கெஸ்ட் நெட்வொர்க் என்ற தனி வைஃபையில் ஒதுக்க நினைப்பவர்கள், ஆபீஸ் வேலை வீட்டிலிருந்து செய்பவர்கள். மற்றவர்களுக்கு ஸ்டிக்கரும் அரை மணி நேரமும் போதும்.

## வி.பி.என்.

சீக்கிரம் முடித்துவிடலாம். வி.பி.என். வைரஸைத் தடுக்காது, கிராக்கைத் தடுக்காது, போலிப் பேங்க் பக்கத்தைத் தடுக்காது. நாலு வாசலில் ஒன்றையும் முழுசாக அடைக்காது. லாட்ஜ், ரயில்வே ஸ்டேஷன் வைஃபையில் அடிக்கடி வேலை செய்பவருக்குப் பயன்.

இலவச வி.பி.என். பக்கமே போகாதீர்கள். 2024 மே மாதம் அமெரிக்க நீதித் துறை முடக்கிய 911 எஸ்5 என்ற கூட்டம் வளர்ந்ததே இலவச வி.பி.என். மென்பொருள்களால்தான். நிறுவியவர்களின் வீட்டு ஐ.பி. முகவரிகளை மோசடிக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள், 1.9 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள்.

## விண்டோஸ் 10 சிஸ்டத்தை என்ன செய்வது

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. அப்டேட் இல்லாத சிஸ்டத்தில் எந்த ஆன்டிவைரஸ் போட்டாலும் இரண்டாவது வாசல் மாசாமாசம் அகலமாகிக்கொண்டே போகும். இந்த நிலையில் உள்ளவர்களுக்கு முதல் வேலை இதைச் சரிசெய்வதுதான். வழிகள் இவை.

விண்டோஸ் 11-க்குப் போவது இலவசம், ஆனால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசசரும் கேட்கும். 2018-க்கு முன் வாங்கியவை அநேகமாகத் தேறாது. தேறாததிலும் குறுக்குவழியில் போட்டுத் தரும் டெக்னீஷியன்கள் உண்டு. அப்படிப் போட்டால் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை.

நீட்டிப்புத் திட்டத்தில் சேரலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து செட்டிங்ஸ் பேக்கப்பை இயக்கினால் இலவசம், இல்லையென்றால் 30 டாலர். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் என்று அறிவித்தார்கள். இது வாய்தா வாங்குவது மாதிரி. தீர்ப்பு தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறலாம். லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு, பழைய சிஸ்டத்திலும் ஓடும், தமிழ்99 விசைப்பலகையும் உள்ளேயே கிடைக்கும். விண்டோஸுக்கு எழுதிய கிராக் வைரஸ்கள் இங்கே பொதுவாகச் செல்லுபடியாகா. மறைவுச் செலவு பெரியது: டாலி ஓடாது, ஃபோட்டோஷாப் ஓடாது, தமிழ் தட்டச்சுக்கான என்.ஹெச்.எம். ரைட்டர் கிடையாது. ஜி.எஸ்.டி., டெண்டருக்கு வைத்திருக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேலை செய்ய ஒரு நாள் போராட்டம். பழைய லேசர் பிரிண்டர் சிலவற்றுக்கு டிரைவர் தேடியே முடி நரைக்கும். அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகள் எனக்குத் தெரிந்து நாலு பேர்.

பிரவுசர் மட்டும் போதும் என்ற வீட்டுக்கு, அதாவது யூடியூப், மெயில், கரண்ட் பில், ரயில் டிக்கெட், அதற்கு கூகுளின் குரோம் ஓ.எஸ். ஃப்ளெக்ஸ் என்ற இயங்குதளம் நல்லது. இலவசம், கூகுள் கணக்கு வேண்டும், விண்டோஸ் மென்பொருள் எதையும் நிறுவ முடியாது. அப்பா எதையும் தவறுதலாக நிறுவிவிட முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்

இது எந்த வாசலையும் அடைக்காது. ஆனாலும் என் பட்டியலில் முதல் இடம் இதற்குத்தான்.

அத்தை மகனிடமும் ஒரு டிஸ்க் இருந்தது. சிஸ்டத்தில் எப்போதும் செருகியே இருந்தது. ரான்சம்வேருக்கு அது இன்னொரு ஃபோல்டர், அதையும் பூட்டிவிட்டது. ஐரோப்பியப் போலீஸும் சில நிறுவனங்களும் 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் இலவசச் சாவி தேடினோம். அந்தக் குடும்பத்தின் பழைய ரகங்கள் சிலவற்றுக்குச் சாவி உண்டு. அவனுக்கு வந்தது புது ரகம். பதினோரு கல்யாணங்கள். இரண்டு ஜோடிகளுக்கு இன்னும் ஆல்பம் டெலிவரி ஆகவில்லை. போட்டோகிராபரின் கேமரா கார்டில் மிச்சம் இருந்ததை வைத்து ஒன்றைச் சமாளித்தான். இன்னொன்றுக்கு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டான்.

ஆக, டிஸ்க் வாங்கினால் மட்டும் ஆகாது. கழற்றி வைக்க வேண்டும். காப்பி எடுக்கும் அரை மணி நேரம் மட்டும் செருக வேண்டும். ஒரு டி.பி. டிஸ்க்குக்கு ஐயாயிரம் ரூபாய் அளவில் ஒதுக்குங்கள். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போதாதா என்றால், இலவசமாகக் கிடைப்பது முறையே 15 ஜி.பி., 5 ஜி.பி.; ஒரு கல்யாணத்துக்கே காணாது. அதோடு, சிஸ்டத்தில் ஃபைல் கெட்டால் கெட்டதே மேலேயும் ஏறிவிடும். பழைய பதிப்பை மீட்க வழி உண்டுதான், ஆனால் ஆயிரக்கணக்கான ஃபைலுக்கு அதைச் செய்வது லேசில்லை.

இதன் மறைவுச் செலவு ஒழுங்கு. மாசம் ஒருமுறை யார் நினைவில் வைத்துச் செருகுவது? எங்கள் வீட்டில் அமாவாசைக்கு அமாவாசை. அன்றைக்கு எப்படியும் வீடு கழுவி, படையல் போட்டு, எல்லாரும் வீட்டில் இருப்போம்; காலண்டரில் அம்மாவே பார்த்துச் சொல்லிவிடுவாள். காப்பி எடுத்ததும் டிஸ்கிலிருந்து ஏதாவது இரண்டு போட்டோவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கழற்றுவோம். திறந்து பார்க்காத பேக்கப் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. டிஸ்க்குக்கும் ஆயுசு உண்டு. கீழே விழுந்தால் அன்றைக்கே முடிந்தது. தொழிலுக்கு வைத்திருப்பவர் இரண்டு வாங்கி மாற்றி மாற்றி எடுக்க வேண்டும், ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | அடைக்கும் வாசல் | மாட்டிய பிறகு உதவுமா | மறைவுச் செலவு | தானாக ஓடுமா |
|---|---|---|---|---|
| கட்டண ஆன்டிவைரஸ் | நம் கை (ஓரளவு), பென்டிரைவ் | அரிதாக | ரின்யூவல், வேகம், தகவல் | ரின்யூவல் வரை |
| டிஃபெண்டர் + ஸ்டாண்டர்டு கணக்கு | நம் கை (ஓரளவு) | இல்லை | முதல் வாரத் தொல்லை | ஆம் |
| பாஸ்வேர்ட் மேனேஜர் / நோட்டு | கணக்குத் திருட்டு | சேதம் ஒரே கணக்கோடு நிற்கும் | பழக்கம் | இல்லை |
| ரூட்டரைச் சரிசெய்வது | ரூட்டர், கேமரா | இல்லை | அரை மணி நேரம் | ஆம் |
| வி.பி.என். | எதுவும் முழுசாக இல்லை | இல்லை | நம்பிக்கை, மாசச் சந்தா | ஆம் |
| புது ஓ.எஸ். | மென்பொருள் ஓட்டை | இல்லை | பழகிய மென்பொருள்கள் | ஆம் |
| கழற்றி வைக்கும் டிஸ்க் | எதுவும் இல்லை | முழுசாக | ஒழுங்கு | இல்லை |

## எந்த வீட்டுக்கு எது

பிள்ளைகள் படிக்கும் வீடு: ஐயாயிரத்தையும் டிஸ்கில் போடுங்கள். டிஃபெண்டர், தனிக் கணக்கு, ரூட்டர் மூன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடியும்.

ஊரில் தனியாக இருக்கும் பெற்றோர்: சிஸ்டம் பழசு என்றால் குரோம் ஓ.எஸ். ஃப்ளெக்ஸ், டி.என்.எஸ். வடிகட்டி. போனில் கூப்பிட்டு யாராவது 'எனிடெஸ்க் (தூரத்திலிருந்து சிஸ்டத்தை இயக்கும் மென்பொருள்) போடுங்கள்' என்றால் போனை வைத்துவிட வேண்டும் என்று சொல்லிவையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன். அந்த நம்பரைப் பீரோ நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

பென்டிரைவ் வந்துபோகும் கடை: கட்டண ஆன்டிவைரஸ், கூடவே டிஸ்க். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் டிஸ்க். பென்டிரைவைப் பார்த்துக்கொள்ள டிஃபெண்டரை நம்பலாம்.

கிராக் மென்பொருளில் தொழில் ஓட்டும் வீடு: உங்களுக்கு எதைச் சொல்வது? சந்தா கட்ட முடியாது என்றால் ஜிம்ப், டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு, லிப்ரே ஆபீஸ் என்று மாற்று தேடுங்கள். கை பழக ஒரு மாசம் ஆகும். அதுவும் முடியாது என்றால், அந்த வேலைக்கு ஒரு சிஸ்டத்தைத் தனியே ஒதுக்கி, அதில் மெயில், பேங்க் எதுவும் திறக்காமல் இருங்கள்.

அத்தை மகன் இப்போது மாசச் சந்தா கட்டுகிறான். டிஸ்க் இரண்டு வைத்திருக்கிறான். ஒன்று அவன் வீட்டில், ஒன்று எங்கள் வீட்டில். அமாவாசைக்கு முந்தின நாள் பைக்கில் வந்து ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வாங்கிக்கொண்டு போவான். போன மாசம் வந்தபோது வாசலில் நின்றபடியே கேட்டான்: "மச்சான், அந்த ஆன்டிவைரஸ் ரின்யூவல் வந்திருக்கு. கட்டவா?"

"ஆட்டோ பேமென்ட்டை முதல்ல நிறுத்து. உள்ளே வா, டீ போடச் சொல்றேன்."